லட்சுமிக்குத் தனி ரேட் கிடையாது!

'எத்தனை பவுன் தேறும்?'

பழங்கால ஜாவா மோதிரம் ஒன்றின் படத்தைப் பார்த்ததும் எனக்குத் தோன்றிய முதல் கேள்வி இதுதான். பி.காம். புத்தி, சார்... வேறெப்படிப் போகும்!

கெட்டித் தங்கம். கல் இல்லை, பூவேலை இல்லை. முகப்பில் ஒரே எழுத்து: 'ஸ்ரீ'. சில மோதிரங்களில் பளிச்சென்று படிக்கலாம். சிலவற்றில் எழுத்தே கொடி மாதிரி நெளிந்து கோலமாகியிருக்கும். எழுதியிருப்பது கவி லிபியில். அதற்குத் தாய், நம்ம பல்லவர் எழுத்து! ஜாவாவில் ஸ்ரீதேவி செல்வத்துக்கு மட்டுமல்ல, நெல்லுக்கும் தெய்வம். ஆக, விரலில் மின்னியது நகையல்ல. 'குதிர் நிறையட்டும் தாயே' என்கிற வேண்டுதல்.

அவர்கள் எடை பார்க்காதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1990 அக்டோபரில் பிரம்பனான் கோயிலுக்குப் பக்கத்தில், வோனோபோயோ என்ற ஊர் வயலில் ஒரு புதையல் கிடைத்தது. அதிலிருந்த பொற்காசுகளில் 'த' என்றொரு எழுத்து. 'தஹில்' என்ற எடை அளவின் சுருக்கம். காசுக்கு எடை, மோதிரத்துக்கு ஸ்ரீ. கணக்கு வேறு, கடவுள் வேறு!

யாருமே போட்டுக்கொள்ளாத தங்கமும் உண்டு. 1885-ல் ஐசர்மான் என்ற டச்சுக்காரர் பிரம்பனான் சிவன் கோயிலின் அடியில் இருந்த குழியைத் தோண்டினார். உள்ளே கற்பெட்டி. அதில் ஆமை, நாகம், தாமரை வடிவங்களில் வெட்டிய பொன் தகடுகள். தகட்டில் வருணன் பெயர், பர்வதத்தின் பெயர். ஆமை, பாம்பு, கடல், மலை... பாற்கடல் கடைந்த கதை ஞாபகம் வருகிறதா? மேலே நிற்கும் கோயில்தான் மேரு. நம் ஊரிலும் மூலவருக்குக் கீழே பொன்னும் நவரத்தினமும் வைக்கிறோமே, அதே சமாசாரம். பக்தர் கண்ணில் படவே படாது.

2013 செப்டம்பரில் ஜகார்த்தா தேசிய மியூசியத்திலிருந்து நாலு பழம்பொன் பொருட்கள் களவு போயின. நாகம், பிறை, ஹரிஹரர் தகடுகள், ஒரு குட்டிச் சிமிழ். உருக்கிவிட்டால் கிராம் கணக்கு மட்டும் மிஞ்சும். ஹரிஹரரை எந்தத் தராசில் தேடுவது?

திருடனைத் திட்ட வாயெடுத்தேன். பாட்டியின் சங்கிலி ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன்.

தேய்ந்துபோன லட்சுமி பதக்கம் வைத்த பழைய சங்கிலி அது. புதுசு மாற்ற நான்தான் கடைக்குக் கொண்டுபோனேன். அரக்கைச் சுரண்டி, உருக்கி, எடை போட்டார் கடைக்காரர். "லட்சுமிக்குன்னு தனி ரேட் எல்லாம் கிடையாது சார்!"

புதுச் சங்கிலியைப் பாட்டி கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அந்த லட்சுமியை மட்டும் கேட்டு வாங்கிட்டு வந்திருக்கலாம்லடா?"