எண்கள் ஆடும் ஆட்டம் – 9: ஏமாற்றாமலே ஜெயிக்கும் விமானம்

போன வாரம் லாட்டரிச் சீட்டோடு நிறுத்தியிருந்தோம். 2003ல் தமிழக அரசு தடை போடும்வரை, சீட்டு வாங்கியவர் குலுக்கல் முடிவுக்குக் கொஞ்ச நேரமாவது காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் மனசு மாறலாம், கைக்காசு தீரலாம், சட்டைப் பையில் இருக்கும் சீட்டை வீட்டுக்காரம்மா பார்த்துவிடலாம். இந்த வாரம் பார்க்கப்போகும் ஆட்டத்தில் அதற்கெல்லாம் நேரமே கிடையாது. ஒரு ஆட்டம் முடிந்து அடுத்தது கிளம்ப ஐந்தாறு விநாடிதான்.

தொழிலில் இருப்பவர்கள் இந்த வகையை 'கிராஷ்' என்பார்கள். நம் பையன்களுக்குத் தெரிந்த பெயர் 'ஏவியேட்டர்'. ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியில் உருவான ஸ்பிரைப் நிறுவனம் 2019ல் அதை வெளியிட்டது. கறுப்புத் திரையில் ஒரு குட்டிச் சிவப்பு விமானம். 100 ரூபாய் கட்டுகிறீர்கள். விமானம் கிளம்புகிறது, நடுவில் பெரிய எழுத்தில் 1.00 என்ற எண் ஏற ஆரம்பிக்கிறது. 1.20, 1.45, 1.90... எந்த எண்ணில் பட்டனை அழுத்துகிறீர்களோ, கட்டிய பணம் அத்தனை மடங்காகத் திரும்பி வரும். அழுத்துவதற்குள் விமானம் திரையை விட்டுப் பறந்துவிட்டால் 100 ரூபாயும் போச்சு. ஆட்டம் மொத்தமும் இவ்வளவுதான். ஐந்து வயதுக் குழந்தைக்கும் விளங்கும்.

திரையின் மற்ற பகுதிகளையும் பாருங்கள், அங்கேதான் சாமர்த்தியம் இருக்கிறது. மேலே முந்தைய ஆட்டங்கள் எங்கே முடிந்தன என்று ஒரு வரிசை: 2க்குக் கீழே முடிந்தது நீலம், 2 முதல் 10 வரை ஊதா, 10க்கு மேலே இளஞ்சிவப்பு. பக்கத்தில் இதே ஆட்டத்தில் பணம் கட்டியிருக்கும் மற்றவர்களின் பட்டியல்; பெயரின் நடுவெழுத்துகளை நட்சத்திரம் மறைத்திருக்கும். யார் எத்தனை மடங்கில் வெளியேறினார் என்பது அங்கே உடனுக்குடன் தெரியும். அரட்டைப் பெட்டி ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். ஒரே ஆட்டத்தில் இரண்டு பந்தயம் கட்டவும் வசதி உண்டு. நீங்கள் 1.40ல் பத்திரமாக இறங்கிவிட்டாலும் விமானம் நிற்காது. உங்கள் கண் முன்னாலேயே 5, 12, 23 என்று போகும். அடுத்த முறை 23க்குக் காத்திருப்பீர்கள், 1.12ல் பறந்துவிடும். முன்னே இறங்கினாலும் வருத்தம், பின்னே இறங்கினாலும் வருத்தம். இரண்டு வருத்தமும் உங்கள் விரலின் தப்பாகவே தோன்றும்படிதான் ஆட்டம் அமைந்திருக்கிறது.

விமானமெல்லாம் பின்னால் வந்த அலங்காரம். 2014ல் பிட்காயின் புழங்கிய இணைய வட்டாரத்தில் 'மணிபாட்' என்ற பெயரில் இந்த ஆட்டம் வந்தபோது, திரையில் இருந்தது ஒரு வளைகோடு மட்டுமே. பிறகு அதற்கு 'பஸ்டாபிட்' என்று பெயர் மாறியது. அதன் நிரல் பகிரங்கமாகவே கிடைத்ததால், உள்ளே என்ன நடக்கிறது என்பதில் மர்மம் ஏதும் இல்லை.

அந்த வளைகோட்டின் வேகத்தை மட்டும் கவனியுங்கள். 1 என்பது 2 ஆக ஏறக்குறைய பதினொன்றரை விநாடி. 2 என்பது 4 ஆகவும் அதே பதினொன்றரை விநாடி. 50 என்பது 100 ஆகவும் அதே நேரம்தான். எண்கள் நான்கு காலில் பாய்வதுபோல் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் ஒவ்வொரு பதினொன்றரை விநாடிக்கும், மிச்சமிருக்கும் ஆட்டங்களில் பாதி முடிந்துபோகும். 50 மடங்கில் பறக்கும் விமானத்துக்கு 'இனிமேல் விழாது' என்ற தெம்பும் கிடையாது, 'இப்போது விழுந்துவிடும்' என்ற சோர்வும் கிடையாது. இயற்பியல் படித்தவர்கள் அரை ஆயுள் என்று சொல்வது இதைத்தான்.

சரி, விழும் இடத்தை முதலாளி உட்கார்ந்து தீர்மானிக்கிறாரா? நிறையப் பேர் கட்டியிருந்தால் சீக்கிரம் விழ வைக்கிறாரா? தோற்றவர்கள் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள். அசல் ஆட்டத்தில் அது நடப்பதில்லை. நடக்கவில்லை என்பதை நீங்களே சரிபார்க்கலாம்.

ஷா-256 என்றொரு கணித இயந்திரம் இருக்கிறது. எதைக் கொடுத்தாலும் எழுத்தும் எண்ணும் கலந்த 64 இடக் கோவை ஒன்றைத் துப்பும். கொடுத்ததிலிருந்து கோவையைப் பெறுவது நொடி வேலை. கோவையைக் கொண்டு கொடுத்தது என்னவென்று கண்டுபிடிக்க இதுவரை யாருக்கும் வழி தெரியாது. பஸ்டாபிட் செய்தது இது: ஒரு ரகசியக் கோவையை அந்த இயந்திரத்தில் போட்டார்கள், வந்ததை மறுபடி போட்டார்கள், இப்படியே 1 கோடி முறை. வந்த ஒவ்வொரு கோவையும் ஒரு ஆட்டம் எங்கே முடியும் என்பதைத் தீர்மானிக்கும். கடைசியாக வந்ததை முதலிலேயே ஊருக்கு அறிவித்துவிட்டு, ஆட்டங்களைப் பின்னாலிருந்து முன்னாக நடத்தினார்கள். ஒரு ஆட்டம் முடிந்ததும் அதன் கோவை வெளியாகும். அதை நீங்கள் இயந்திரத்தில் போட்டால் முந்தைய ஆட்டத்தின் கோவை வர வேண்டும். வந்தால், நடுவில் யாரும் கை வைக்கவில்லை. தங்களுக்குச் சாதகமான சங்கிலியாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்துவிட்டார்களோ என்ற சந்தேகத்துக்கும் பதில் வைத்திருந்தார்கள். இனிமேல் உருவாகப்போகும் ஒரு பிட்காயின் தொகுதியின் எண்ணை முன்கூட்டியே குறிப்பிட்டு, அது வந்ததும் அதன் கோவையையும் கணக்கில் கலந்தார்கள். ஏவியேட்டரிலும் இதே சாயல்தான். நிறுவனத்தின் ரகசியக் கோவையோடு (இதை விதை என்பார்கள்), அந்த ஆட்டத்தில் முதலில் பணம் கட்டும் மூன்று பேரின் விதைகளும் சேர்ந்து முடிவைத் தீர்மானிக்கின்றன. எப்படியானாலும் விமானம் தரையை விட்டு எழும்போது அது எங்கே மறையும் என்பது முடிவாகியிருக்கும். நீங்கள் பார்ப்பது முடிந்துபோன கணக்கின் படக்காட்சி.

இந்த நேர்மையை அவர்கள் விளம்பரமாகவே போட்டுக்கொள்கிறார்கள். எனக்கு அதில்தான் வயிறு எரிகிறது. நேர்மையாக இருந்தாலே போதும், பணம் வந்துவிடும்.

ஏவியேட்டரில் கட்டிய பணத்தில் 97 சதவீதம் ஆடுபவர்களுக்குத் திரும்பும் என்று நிறுவனமே சொல்கிறது. அதாவது 2 மடங்கைத் தொட 48.5 சதவீத வாய்ப்பு. 10 மடங்குக்கு 9.7, 100 மடங்குக்கு 1 சதவீதத்துக்கும் சற்றுக் கீழே. இதைக் கொஞ்சம் உரசிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். 2ஐத் தொட்டுவிட்ட விமானம் 4ஐத் தொடும் வாய்ப்பு சரிபாதி. இருப்பது இரட்டிப்பாக சரிபாதி வாய்ப்பு என்றால், அது யாருக்கும் லாப நட்டமில்லாத பந்தயம். பறக்க ஆரம்பித்த பிறகு கம்பெனி உங்களிடம் ஒரு பைசா எடுப்பதில்லை! எடுக்க வேண்டியதைக் கிளம்பும்போதே எடுத்துவிடுகிறது; சுமார் 3 சதவீத ஆட்டங்களில் விமானம் 1.00லேயே மறைகிறது. டோல்கேட்டில் காசு வாங்கிவிட்டு ரோட்டில் எங்கே வேண்டுமானாலும் இறங்கிக்கொள் என்று விடுவதுபோல.

அதனால் எங்கே இறங்கினால் லாபம் என்ற கேள்விக்கே அர்த்தமில்லை. 1.10ல் இறங்குபவரை எடுத்துக்கொள்வோம், பயந்த சுபாவம். நூறு ரூபாய் வீதம் 100 ஆட்டம். 88 முறை பத்துப் பத்தாக வரும், 12 முறை நூறு நூறாகப் போகும். துண்டு விழுவது சுமார் 300 ரூபாய். 10 மடங்குக்குக் காத்திருக்கும் சூரருக்கும் அதே 10,000 ரூபாய் பந்தயத்தில் சராசரியாகத் துண்டு விழுவது 300தான். முதலாமவர் தினமும் ஜெயிப்பதுபோல் உணர்ந்துகொண்டே தோற்பார். இரண்டாமவருக்கு அந்தச் சுகமும் இல்லை.

3 சதவீதம்தானே என்று தோன்றும். ஒரு ஆட்டம் சராசரியாக அரை நிமிடத்துக்குள் முடிகிறது. மணிக்கு 120 ஆட்டம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நூறு ரூபாய்த் தாளைத் திரும்பத் திரும்பக் கட்டினால் ஒரு மணி நேரத்தில் 12,000 ரூபாய்க்குப் பந்தயம் ஓடியிருக்கும். அதில் 3 சதவீதம் 360 ரூபாய். கையில் இருந்த நோட்டைப்போல் மூன்று மடங்குக்கு மேல்.

தோற்றால் இரட்டிப்பாகக் கட்டு, ஒருமுறை ஜெயித்தால் எல்லாம் வந்துவிடும் என்று யூட்யூபில் பாடம் எடுப்பவர்களும் உண்டு. 100, 200, 400 என்று ஏற்றிக்கொண்டே போனால் ஏழாவது தோல்வியில் 12,700 ரூபாய் உள்ளே போயிருக்கும். எட்டாவதுக்கு 12,800 வேண்டும். எதற்காக? முதலில் குறிவைத்த அந்த 100 ரூபாயை ஜெயிப்பதற்காக. 2 மடங்கில் இறங்குபவருக்கு அந்த 120 ஆட்டத்துக்குள் ஏழு தொடர் தோல்வி வர ஏறக்குறைய ஐந்தில் இரண்டு வாய்ப்பு உண்டு.

அடுத்த ஆட்டம் எங்கே முடியும் என்று சொல்லித்தரும் 'பிரடிக்டர்' செயலிகள் டெலிகிராமில் விலைபோகின்றன. மேலே சொன்ன இயந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டத் தெரிந்த ஒரு ஆள் உலகத்தில் இருந்தால், அவர் அதை உங்களுக்கு ஐந்நூறு ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருக்க மாட்டார். பிட்காயின் கட்டமைப்பையே ஆட்டங்காண வைத்திருப்பார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சரிபார்க்கும் வசதியெல்லாம் அசலுக்குத்தான். ஏபிகே கோப்பாக வாட்ஸ்அப்பில் வரும் நகல் விமானங்களை யார் எப்படி ஓட்டுகிறார்கள் என்பதற்கு ஒரு உத்தரவாதமும் கிடையாது. ஜெயித்தாலும் பணத்தை எடுக்க முடியாது.

பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடை செய்யும் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு, 50 லட்சம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. தமிழகத்தின் 2022ஆம் வருடச் சட்டம் இதற்கு முன்பே அதிர்ஷ்ட ஆட்டங்களைத் தடை செய்திருந்தது. ஆனாலும் பிரடிக்டர் விற்பவர் தரும் இணைப்பின் வழியாகப் புது ஆள் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறார். அந்த ஆள் தோற்கும் பணத்தில் ஒரு பங்கு, அவரை அழைத்துவந்தவருக்கு. ஜெயிக்க வைப்பதாகச் சொல்பவருக்கு வருமானமே நீங்கள் தோற்பதில் இருக்கிறது. அந்தக் கமிஷன் கணக்கு அடுத்த வாரம்.

(தொடரும்)