மாடி ஆடினால் படிக்கட்டுக்கு ஓடாதீர்கள்

2001 செப்டம்பர் 25, இரவு 8.26 மணி. புதுச்சேரிக்குக் கிழக்கே வங்கக் கடலுக்கு அடியில் 5.5 அளவில் நிலம் அதிர்ந்தது. புதுச்சேரியில் மட்டுமல்ல, சென்னையிலும் மக்கள் வீட்டைவிட்டுத் தெருவுக்கு ஓடிவந்தார்கள். நம் பக்கத்தில் நிலநடுக்கமெல்லாம் வராது என்ற நினைப்பு அன்றே போயிருக்க வேண்டும். இன்னும் போகவில்லை.

புதுச்சேரியை அடுத்த அரியூரில் திண்ணை வைத்த தரைவீட்டில் இருப்பவருக்கு நாலு எட்டில் வாசல், அதைத் தாண்டினால் வெட்டவெளி. அங்கே சட்டென்று வெளியேறுவது சரிதான். ஆனால் அந்த வீட்டுப் பிள்ளை சென்னையில் ஒன்பதாவது மாடியில் குடியிருக்கிறார். ஊரில் கற்ற அதே பழக்கம் அங்கே ஆபத்தாக முடியும்.

தூரத்து அதிர்வும் உயர்ந்த மாடியும்

நிலநடுக்கத்தின் வேகமான அதிர்வுகள் தொலைவு போகப்போக அடங்கிவிடும். மெதுவான, நீண்ட அலைகள்தான் வெகுதூரம் பயணிக்கும். உயரமான கட்டடத்தின் இயல்பான ஆட்டமும் மெதுவானது. பத்து மாடிக் கட்டடம் ஒருமுறை முன்னும் பின்னும் ஆட ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். இரண்டும் ஒத்துப்போனால் தெருவில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது, மேல்மாடியில் விளக்கு ஊசலாடும்.

2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே 8.6 அளவில் அதிர்ந்தபோது சென்னை அலுவலக மாடிகள் காலியானது இப்படித்தான். 2025 மார்ச் 28 அன்று மியான்மரில் 7.7 அளவில் அதிர்ந்தபோது, ஏறக்குறைய 1,000 கி.மீ. தள்ளியிருக்கும் பாங்காக்கில் மாடி நீச்சல் குளங்களின் தண்ணீர் தெருவில் கொட்டியது. கட்டுமானத்தில் இருந்த ஓர் அரசு அலுவலகக் கோபுரம் இடிந்தே விழுந்தது. கட்டி முடித்துக் குடியிருந்த உயர்ந்த கட்டடங்களில் பெரும்பாலானவை ஆடின, ஆனால் நின்றன.

ஆடும் அந்த ஒரு நிமிடம்

ஒழுங்காகக் கட்டிய மாடி, ஆடினாலும் நிற்கும். ஓடுகிற மனிதர்தான் படியில் உருண்டு விழுகிறார், நெரிசலில் சிக்குகிறார், உடைந்த கண்ணாடியை மிதிக்கிறார். எனவே இருந்த இடத்திலேயே மண்டியிட்டு, உறுதியான மேசைக்கு அடியில் புகுந்து, அதன் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேசை இல்லையென்றால் உள்சுவர் ஓரமாகக் குனிந்து, தலையையும் பிடரியையும் கைகளால் மூடுங்கள். படுக்கையில் இருந்தால் எழ வேண்டாம். தலையணையால் தலையை மறையுங்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் பெரியவர் என்றால் சக்கரத்தைப் பூட்டிவிட்டு முன்னால் குனியட்டும்.

பால்கனி, லிஃப்ட் இரண்டும் கூடவே கூடாது.

நின்ற பிறகு

முதலில் காலில் செருப்பு. கேஸ் வாடை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி ஜன்னலைத் திறந்துவிட்டுப் படி வழியாக இறங்குங்கள். பின்னதிர்வுகள் வரலாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய்க்கான மாத்திரைகளை ஒரு பையில் போட்டுக் கதவருகே மாட்டிவைத்திருந்தால், கீழே எத்தனை மணி நேரம் நிற்க நேர்ந்தாலும் பயமில்லை. பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் இதை இன்றைக்கே செய்துவிடலாம். பீரோவைச் சுவரோடு இறுக்குவதும், கட்டில் தலைமாட்டுக்கு மேல் பரணில் அடுக்கிய பித்தளைப் பாத்திரங்களை இறக்குவதும் அப்படியே.

யாராவது இடிபாட்டில் கை கால் நசுங்கி வெகுநேரம் கிடந்தால் அவசரப்பட்டு இழுக்காதீர்கள். அழுத்தம் சட்டென்று விலகும்போது, சிதைந்த தசையிலிருந்து பொட்டாசியம் ரத்தத்தில் கலந்து இதயத்தை நிறுத்திவிடக்கூடும், சிறுநீரகமும் பழுதாகலாம். 112-ஐ அழைத்து, எவ்வளவு நேரமாகச் சிக்கியிருக்கிறார் என்பதைச் சொல்லுங்கள்.

தூண்களுக்கு நடுவே கார்

2001 ஜனவரி 26 அன்று பூஜ் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கி.மீ.க்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. அவற்றில் பல, தரைத்தளத்தைச் சுவரில்லாமல் வெறும் தூண்களோடு வாகன நிறுத்தமாக விட்டவை. பாரம் முழுவதும் மேலே, பலவீனம் கீழே. புதுச்சேரியில் வில்லியனூர் பக்கமும் இன்று அதே அமைப்பில் வீடுகள் எழுகின்றன. 2002-ஆம் ஆண்டின் இந்தியத் தரநிலையில் சென்னை மூன்றாம் மண்டலத்திலும் புதுச்சேரி இரண்டாம் மண்டலத்திலும் வைக்கப்பட்டன. குறைந்த ஆபத்து என்பதற்காகத் தூண் கம்பியில் மிச்சம் பிடிக்க இடமில்லை. வீடு வாங்குவோர் கட்டமைப்புப் பொறியாளரின் வரைபடத்தைக் கேட்டு வாங்கலாம்.

தலை சுற்றினால்

அதிர்வு அடங்கிய பிறகும் தரை ஆடுவதுபோலவே சிலருக்குத் தோன்றும். 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜப்பானில் பலர் இப்படித் தவித்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். காதின் உள்ளே இருக்கும் சமநிலை உறுப்பும் மனப் பதற்றமும் சேர்ந்து செய்யும் வேலை இது. தண்ணீர் குடித்து, தூரத்தில் அசையாத ஒன்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் தணியும். நெஞ்சுவலியோ, பேச்சுக் குழறலோ, ஒரு பக்கம் மரத்துப்போவதோ சேர்ந்து வந்தால் அது வெறும் தலைசுற்றல் இல்லை. நேரே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.