பழைய கம்ப்யூட்டரைக் கபாடியில் போடும் முன்...

மாற்றல் உத்தரவு வந்து சாமான் கட்டும்போதும், ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்போதும் நம் வீடுகளில் தவறாமல் ஒரு கேள்வி எழும். பரண் மேல் பழைய வேட்டி சுற்றி வைத்திருக்கும் அந்தக் கம்ப்யூட்டரை என்ன செய்வது? "அது ஓடாது, ஹார்ட் டிஸ்க் போய்விட்டது" என்று யாரோ எப்போதோ சொல்லியிருப்பார்கள். அந்த ஒரு சொல்லை நம்பிக் கபாடிக்காரரைக் கூப்பிட்டு விடுகிறோம். அதில் இருந்த கடிதங்களும், கல்யாணப் பத்திரிகைகளும், எழுதி வைத்த கணக்குகளும் எடைக்குப் போய்விடுகின்றன.

எல்லாப் பழைய கம்ப்யூட்டருக்கும் இது பொருந்தாது. ஆனால் 1990களில் டி.டி.பி. வேலை, ஸ்கேனர் வேலை செய்தவர்கள் வாங்கிய இயந்திரங்களில் 'ஸ்கஸி' என்ற வகை ஹார்ட் டிஸ்க்கும், அதை இயக்கும் தனி அடாப்டர் கார்டும் இருப்பதுண்டு. இந்த வகையில் டிஸ்க் நன்றாக இருந்தும், கார்டின் அமைப்பில் உள்ள சிறு கோளாறால் 'டிஸ்க் செத்துவிட்டது' என்ற முடிவுக்கு வருவது மிகச் சாதாரணம். அந்தக் கோளாறுகளை எந்த வரிசையில் பார்ப்பது என்பதை அன்பர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

ஸ்கஸி என்பது என்ன?

சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது ஐ.டி.இ. டிஸ்க். ஒரு கேபிளில் இரண்டு டிஸ்க் வரை போடலாம். ஸ்கஸியில் ஒரே கேபிளில் கார்டையும் சேர்த்து எட்டு உறுப்பினர்கள் இருக்கலாம். ஹார்ட் டிஸ்க், சி.டி. டிரைவ், டேப் டிரைவ், பெட்டிக்கு வெளியே ஸ்கேனர் என்று எல்லாம் ஒரே பாதையில் வரும். அமெரிக்காவில் ஷுகார்ட் நிறுவனம் உருவாக்கிய 'ஸாஸி' என்ற முறையிலிருந்து இது வளர்ந்து, 1986ல் அந்நாட்டுத் தர நிர்ணயமாக அறிவிக்கப்பட்டது. கார்டுகளில் பெயர் பெற்றவை அடாப்டெக் நிறுவனத்தாருடையவை. 486 கம்ப்யூட்டர்களில் அவர்களுடைய ஏ.எச்.ஏ.-1542 கார்டும், பென்டியத்தில் பி.சி.ஐ. வகையான 2940 கார்டும் பரவலாக இருந்தன. உங்கள் பெட்டியைத் திறந்தால் ஐம்பது இழைகள் கொண்ட அகலமான ரிப்பன் கேபிள் தெரிந்தால் அது பெரும்பாலும் ஸ்கஸிதான். ஐ.டி.இ. கேபிளில் பின்கள் நாற்பதுதான்.

பெட்டியைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டுவிட்டுப் பிறகு கார்டைத் தொடுங்கள். கரண்ட் ஓடும்போது ஸ்கஸி கேபிளைக் கழற்றவோ மாட்டவோ கூடாது. எதை மாற்றுவதானாலும் முதலில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்; ஜம்ப்பர் முன்பு எங்கே இருந்தது என்று பின்னால் நினைவிருக்காது.

முதல் பார்வை: எண்

எட்டு பேர் ஒரே கம்பியில் பேசும்போது யாரை யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரிய வேண்டும். ரயில்வேயில் கன்ட்ரோல் டெலிபோன் அப்படித்தான். செக்ஷன் கன்ட்ரோலர் முதல் கடைசி ஸ்டேஷன் வரை ஒரே லைன். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஓர் அழைப்பு எண். இரண்டு ஸ்டேஷனுக்கு ஒரே எண் கொடுத்தால் என்ன ஆகும்? ஸ்கஸியிலும் 0 முதல் 7 வரை எண்கள். கன்ட்ரோலர் ஸ்தானத்தில் இருக்கும் கார்டுக்கு வழக்கமாக 7. அதற்கே முன்னுரிமை அதிகம். 1542 வகையில் கம்ப்யூட்டரைத் துவக்கும் டிஸ்க்குக்கு 0.

டிஸ்க்கின் எண்ணை அதிலுள்ள மூன்று ஜம்ப்பர்கள் தீர்மானிக்கின்றன. அவற்றின் மதிப்பு 1, 2, 4. ஒன்றும் போடாவிட்டால் 0. இரண்டும் நான்கும் போட்டால் 6. மூன்றும் போட்டால் 7, அதாவது கார்டோடு மோதல். துவங்கும்போது கார்டு தான் கண்ட சாதனங்களைத் திரையில் வரிசையாகக் காட்டும். அதில் ஒரே டிஸ்க் எல்லா எண்ணிலும் இருப்பதாகக் காட்டினால் பயப்பட வேண்டாம். டிஸ்க்கும் கார்டும் ஒரே எண்ணில் இருக்கின்றன என்று அர்த்தம். ஜம்ப்பரை மாற்றினால் தீர்ந்தது.

இரண்டாம் பார்வை: முடிவு

பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். கேபிளில் ஓடும் சிக்னல் கடைசி முனைக்குப் போய் முட்டினால், கிணற்றில் கூவிய குரல் போல எதிரொலித்துத் திரும்பி வரும். அது அடுத்த சிக்னலைக் கெடுத்துவிடும். ஆகவே பாதையின் இரண்டு முனைகளிலும் 'டெர்மினேட்டர்' என்ற மின்தடைத் தொகுப்பு வைத்து அந்த எதிரொலியை விழுங்கச் செய்கிறார்கள். முனைகளில் மட்டும்தான், நடுவில் கூடாது.

ஏர் பிரேக் வண்டியைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். எஞ்சின் முதல் கடைசிப் பெட்டி வரை பிரேக் பைப் ஒரே பாதை. நடுவில் உள்ள ஆங்கிள் காக்குகள் எல்லாம் திறந்திருக்க வேண்டும். இரண்டு கடைசி முனைகளிலும் மூடியிருக்க வேண்டும். நடுவில் ஒன்று மூடியிருந்தால் அதற்குப் பின்னால் உள்ள பெட்டிகளுக்குப் பிரேக் இல்லை. கடைசி முனை திறந்திருந்தால் காற்று நிற்காது, வண்டி நகராது. ஸ்கஸி கேபிளையும் இதே கண்ணோடு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரல் வைத்துப் பார்த்து வாருங்கள்.

உள்ளே டிஸ்க் மட்டும் இருந்தால் கார்டு ஒரு முனை, கேபிளின் கடைசியில் உள்ள டிஸ்க் மறுமுனை. இரண்டிலும் டெர்மினேட்டர் வேண்டும். வெளியே ஸ்கேனரும் இருந்தால் கார்டு நடுவில் வந்துவிடுகிறது. அப்போது கார்டில் உள்ளதை எடுத்துவிட வேண்டும். ஸ்கேனரின் பின்புறம் டெர்மினேட்டர் இருக்க வேண்டும். பழைய 1542 கார்டில் இது சீப்பு போன்ற ரெசிஸ்டர் பேக்குகளாகச் செருகப்பட்டிருக்கும். அவற்றுக்குத் திசை உண்டு. புள்ளியிட்ட முனை, சாக்கெட்டில் ஒன்று என்று குறித்த பக்கம் வர வேண்டும். 2940 போன்ற பிந்தைய கார்டுகளில் துவங்கும்போது கன்ட்ரோலும் ஏ-யும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலிலேயே இதை மாற்றலாம்.

இதில் பிழை இருந்தால் கம்ப்யூட்டர் சுத்தமாக நின்றுபோகும் என்பதில்லை. ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது. சிறிய ஃபைல் வரும், பெரியது நடுவில் நிற்கும். அதனால்தான் பழி டிஸ்க்கின் மேல் விழுகிறது. கேபிளின் நீளத்தையும் கவனியுங்கள். முதல் தலைமுறை ஸ்கஸியில் மொத்தம் 6 மீட்டர் வரை போகலாம். வேகம் கூடிய 'ஃபாஸ்ட்' வகையில் 3 மீட்டர்தான்.

மூன்றாம் பார்வை: முகவரி

எண்ணும் முடிவும் சரியாக இருந்தும் கார்டே திரையில் தலைகாட்டவில்லை என்றால், அது வேறொரு கார்டோடு மோதுகிறதா என்று பாருங்கள். 1542 கார்டு தொழிற்சாலையிலிருந்து வரும்போது போர்ட் முகவரி 330 ஹெக்ஸ், ஐ.ஆர்.க்யூ. 11, டி.எம்.ஏ. 5 என்று இருக்கும். பிள்ளைகளுக்காகப் பின்னால் வாங்கிப் போட்ட சவுண்ட் கார்டின் மிடி பகுதிக்கும் வழக்கமான முகவரி அதே 330தான். சவுண்ட் கார்டைக் கழற்றி வைத்துவிட்டுத் துவக்கிப் பாருங்கள். நமக்கு வேண்டியது பாட்டு அல்ல, டிஸ்க்.

மதர்போர்டின் பேட்டரியையும் மறக்க வேண்டாம். 486 போர்டுகளில் பற்றவைத்திருக்கும் பீப்பாய் வடிவ பேட்டரி கசிந்து தடங்களை அரித்துவிடும். பச்சை பூத்திருந்தால் முதலில் அதை நீக்க வேண்டும். பேட்டரி தீர்ந்தால் செட்டப் விவரங்கள் அழிந்துபோகும். மறுபடி நிரப்பும்போது ஹார்ட் டிஸ்க் என்ற இடத்தில் 'இல்லை' என்றே போட வேண்டும். அந்த இடம் ஐ.டி.இ. டிஸ்க்குக்கு உரியது, ஸ்கஸி டிஸ்க்கைக் கார்டின் சொந்த பயாஸ் பார்த்துக்கொள்ளும். இது தெரியாமல் ஏதோ ஒரு வகை எண்ணைப் போட்டுவிட்டு, 'டிஸ்க் பிழை' என்று திரையில் வந்ததும் கைவிட்டவர்கள் உண்டு.

ஒரு வீட்டில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன் நம்மவர் வீடு ஒன்றில் இப்படி ஓர் இயந்திரத்தைப் பார்க்கப் போயிருந்தேன். வீட்டுக்காரர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆபீஸ் முடிந்து வந்து இரவில் தமிழ் டி.டி.பி. செய்தவர். இங்குள்ள நம்மவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகள் பலவும் அவர் கையால் ஆனவை. அவர் போன பிறகு ஸ்கேனரை உறவினர் ஒருவர் எடுத்துச் சென்றார். அதிலிருந்து கம்ப்யூட்டர் சரியாக ஓடவில்லை. பார்க்க வந்த மெக்கானிக் டிஸ்க் போய்விட்டது என்று சொல்லிவிட்டார்.

"சார், பையன்கள் கபாடியில போடச் சொல்றாங்க. அவர் ராத்திரி ராத்திரியா உக்காந்து எழுதினது இதுக்குள்ள இருக்கு. எனக்கு மனசு வரலை" என்றார் அந்த அம்மாள்.

ஸ்கேனரை எடுத்த நாளிலிருந்து கோளாறு என்ற செய்தியிலேயே விடை இருந்தது. ஸ்கேனர் இருந்தவரை கார்டு நடுவில் இருந்தது. அதனால் அதன் ரெசிஸ்டர் பேக்குகளை எடுத்து வைத்திருந்தார். ஸ்கேனர் போனதும் கார்டு முனையாகிவிட்டது. கடைசிப் பெட்டியைக் கழற்றிவிட்டு, அதற்கு முந்தைய பெட்டியின் காக்கை மூடாமல் விட்ட கதைதான். கேபினெட்டின் உட்புறம் ஒரு தீப்பெட்டி டேப் போட்டு ஒட்டியிருந்தது. திறந்தால் மூன்று ரெசிஸ்டர் பேக்குகள். என்றாவது வேண்டியிருக்கும் என்று அந்த மனிதர் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். செருகினேன். பேட்டரியை மாற்றி, செட்டப்பைச் சரிசெய்து துவக்கினேன். டிஸ்க் சுழன்று எழுந்தது.

உள்ளே பத்திரிகைகள் மட்டும் இல்லை. இந்த ஊருக்கு முதலில் வந்த தமிழ்க் குடும்பங்கள் எவை, எந்தக் கிராமத்திலிருந்து எந்த ஆண்டு வந்தார்கள், யார் எந்த வேலைக்கு வந்தார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதி வந்திருக்கிறார். அவர் கேட்டு எழுதிய பெரியவர்களில் ஒருவரும் இன்று இல்லை.

ஓடியதும் செய்ய வேண்டியது

டிஸ்க் ஒருமுறை ஓடிவிட்டால் அதை அணைத்து வைத்துவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். பல வருடம் கிடந்த டிஸ்க் மறுபடி எழும் என்று உறுதி இல்லை. எழுத்து ஃபைல்கள் சிறியவை. சில பிளாப்பிகளில் அடங்கிவிடும். யு.எஸ்.பி. பிளாப்பி டிரைவ் இருந்தால் இன்றைய கம்ப்யூட்டரில் படித்துக்கொள்ளலாம். பிளாப்பி டிரைவ் கெட்டிருந்தால், எம்.எஸ்.-டாஸ் 6ல் உள்ள இன்டர்லிங்க் மூலம் பிரின்டர் போர்ட் வழியாக இன்னொரு பழைய கம்ப்யூட்டருக்கு மாற்றலாம். பி.சி.ஐ. ஸ்லாட் உள்ள பென்டியம் இயந்திரத்தில் 2940 கார்டு போட்டு, லினக்ஸில் முழு டிஸ்க்கையும் அப்படியே ஒரே பிம்பமாக நகலெடுப்பது எல்லாவற்றிலும் சிறந்தது.

ஓர் எச்சரிக்கை. கார்டு கெட்டிருந்தால் அதே நிறுவனத்தின் கார்டையே தேடுங்கள். டிஸ்க்கில் எது எங்கே இருக்கிறது என்று டாஸுக்குச் சொல்லும் கணக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அடாப்டெக் கார்டு 1 ஜிகாபைட் வரை 64 ஹெட், 32 செக்டர் என்று கணக்கிடும். அதற்கு மேற்பட்ட டிஸ்க்குக்கு 255 ஹெட், 63 செக்டர் என்று மாற்றும் அமைப்பும் உண்டு. கணக்கு மாறினால் நல்ல டிஸ்க்கும் காலியாகத் தெரியும். அப்போது திரை 'ஃபார்மேட் செய்யவா' என்று கேட்டால் ஒப்புக்கொள்ளவே கூடாது. டெல்லி நேரு பிளேஸ், மும்பை லாமிங்டன் ரோடு, கொல்கத்தா சாந்தினி சௌக், பெங்களூரு எஸ்.பி. ரோடு பக்கம் போகும்போது பழைய பாகக் கடைகளில் விசாரித்துப் பாருங்கள்.

தமிழ் ஃபைல்களுக்கு இன்னொரு வேலை உண்டு. அக்காலத் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். அந்த எழுத்துரு இல்லாமல் ஃபைலைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரியும். அது கெட்டுப் போனதல்ல. விண்டோஸ் 3.1ல் எழுத்துருக்கள் சிஸ்டம் என்ற டைரக்டரியில் இருக்கும். ஃபைலோடு அதையும் சேர்த்தே நகலெடுங்கள். பிறகு யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இன்று ஸ்கஸி கேபிள் வழக்கொழிந்துவிட்டது. ஆனால் நம் சட்டைப் பையில் இருக்கும் பென் டிரைவ் கம்ப்யூட்டரோடு பேசுவது இன்றும் ஸ்கஸி கட்டளைகளில்தான். அந்தப் பாஷை சாகவில்லை. பரண் மேல் இருக்கும் டிஸ்க்கும் செத்திருக்க வேண்டியதில்லை.

எண், முடிவு, முகவரி. இந்த மூன்றையும் பார்த்த பிறகும் எழாவிட்டால் கபாடியில் போடுங்கள். நம் ஊரில் யார் வீட்டிலாவது இப்படி ஒரு பெட்டி இருந்தால் சங்க அலுவலகத்தில் சொல்லி வையுங்கள். ஓய்வு பெற்றவனுக்கு நேரம் உண்டு. ஸ்க்ரூ டிரைவரோடு வந்து பார்க்கிறேன்.