ஆங்கிலம் கற்பிக்கப் புகுவோர் கற்கவேண்டிய முதற்பாடம்

ஆங்கிலத்துக்கு நம் நாட்டிலே பல பெயர்கள் வழங்குகின்றன. 1987 ஆம் ஆண்டில் நிறைவேறிய அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் அதனை இணைப்பு மொழி என்றது. பாடசாலை நேரசூசி அதனை இரண்டாம் மொழி என்கின்றது. பல்கலைக்கழகச் சிங்கள மாணாக்கர் தமக்குள்ளே அதற்கு இட்ட பெயர் 'கடுவ' என்பது. வாள் என்பது அதன் பொருள். மொழியியலறிஞர் திரு கந்தையா அவர்கள் 1984 இல் அச்சொல்லையே தலைப்பிற் கொண்டு, நம் நாட்டில் ஆங்கிலம் செலுத்தும் அதிகாரத்தை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். இணைக்கும் என்று சட்டம் சொல்லும் மொழியை, வெட்டும் என்று மாணாக்கர் சொன்னார்கள். இது சிந்திக்கற்பாலது.

வீட்டிலும் வீதியிலும் ஆங்கிலம் கேளாது வளரும் கிராமத்துப் பிள்ளைக்கு அது இணைப்பு மொழியுமன்று, இரண்டாம் மொழியுமன்று, அந்நிய மொழியேயாம். அவ்வாறு அந்நிய மொழியாகக் கற்றுப் பின் அதனைக் கற்பிக்கப் போகும் பல்கலைக்கழக மாணாக்கருக்கு எத்தகைய பயிற்சி வேண்டும் என்பதுபற்றிச் சில சொல்ல விரும்புகின்றேன். பிராசீன பாடசாலையில் நன்னூல் நடாத்தும் பண்டிதனுக்கு இவ்விசாரம் எதற்கு என்று சிலர் நகைக்கக்கூடும். நகைப்பைப் பற்றித்தான் யானும் சொல்லப்போகின்றேன்.

என்னிடம் தமிழ் படித்த ஒருவர் இன்று ஒரு பல்கலைக்கழகத்தில் ஆங்கில ஆசிரியராகப் பயில்வோருக்கு விரிவுரையாளராயிருக்கின்றார். ஒருநாள் வீடு தேடி வந்தார்.

"ஐயா, எங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் ஒரு பாடம் நடத்தவேணும்" என்றார்.

"இங்கிலீசு படிப்பிக்கப் போகிற பிள்ளைகளுக்கு நான் என்ன தம்பி சொல்லிக் கொடுக்கிறது?"

"சமஸ்கிருதம், ஐயா. அரைமணி நேரம். தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு சொல்லும் சொல்லக்கூடாது."

காரணத்தை அவரே விளக்கினார். ஆங்கில ஆசிரியரைப் பயிற்றும்போது, அவர் முற்றும் அறியாத ஒரு மொழியில் அவரையே மாணாக்கராக இருத்திப் பாடம் நடாத்துவது பல நாடுகளிலும் உள்ள வழக்கமாம். நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர்கள், பேசத் தெரியாதிருந்த காலத்தை மறந்துவிடுகிறார்கள். மறந்ததை நினைப்பூட்டுவதே அப்பாடத்தின் நோக்கம்.

குறித்த நாளிலே ஒரு பூவும், ஒரு மாம்பழமும், செம்பிலே தண்ணீரும் கொண்டு சென்றேன். இருபதுபேரளவில் இருந்தார்கள். பூவைக் காட்டி "இதம் புஷ்பம்" என்றேன். நீரைக் காட்டி "இதம் ஜலம்" என்றேன். பழத்தைக் காட்டி "இதம் பலம்" என்றேன். பின்னர் ஒவ்வொன்றாய் எடுத்து "கிம் இதம்?" என்று வினாவினேன். சிலர் விரைந்து விடை கூறினர். சிலர் அடுத்தவர் முகத்தைப் பார்த்தனர். பின்வரிசையில் இருந்த ஒருவர் மேசைக்குக் கீழே எதையோ தேடலாயினார். எந்த வகுப்பிலும் யாம் காண்பது இதுவன்றோ?

அவ்வகுப்பில் ஆங்கிலத்திலே முதன்மை பெற்ற மாணவி ஒருவர் இருந்தார். மாம்பழத்தை அவரிடம் நீட்டினேன். அவரும் 'பலம்' என்றே சொன்னார். ஆனால் அவர் வாயிற் பிறந்தது பழத்தைக் குறிக்கும் சொல்லன்று; வலிமையைக் குறிக்கும் சொல். தமிழெழுத்திலே இரண்டும் ஒன்றுபோல் எழுதப்படினும் வடமொழியில் அவை வேறுவேறு எழுத்தாலானவை. பழத்துக்குரிய பகரம் மூச்சோடு வெடிப்பது. வலிமைக்குரிய பகரம் மிடற்றொலியோடு பிறப்பது. மறுபடியும் சொல்லச் செய்தேன். மறுபடியும் அதுவே வந்தது. மூன்றாமுறை வந்தபோது யான் நகைத்துவிட்டேன். வகுப்பும் நகைத்தது. அதன்பின் அரைமணி நேரம் முடியுமட்டும் அம்மாணவி வாய் திறக்கவில்லை.

பாடம் முடிந்தபின் விரிவுரையாளர் ஒவ்வொருவரையும் பேசச் சொன்னார். அவர் முறை வந்தபோது, "ஐயா, நீங்கள் சொன்னதைத்தான் நானும் சொன்னேன். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது" என்றார்.

அவ்வொரு வாக்கியம் என்னை நாற்பது ஆண்டுகளுக்கு அப்பாற் கொண்டு சென்றது. யான் சிறுவனாய்ப் படித்த பாடசாலையில் ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர் ஒருவர், பள்ளிக்கூடத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைச் சொல்லும்படி என்னை எழுப்பினார். 'இஸ்கூல்' என்றேன். "இகரம் எங்கிருந்தடா வந்தது?" என்று கேட்டு, என்னைப் பலமுறை சொல்லச்செய்து, வகுப்பு முழுவதையும் சிரிக்கவைத்தார். அன்றுதொட்டு அவருடைய பாடத்திலே யான் வாய் திறந்ததில்லை. என்னைத் தமிழ்க் காதலால் பண்டிதனானவன் என்று மேடைகளிற் சொல்வார்கள். அது பாதி உண்மை. மற்றைப் பாதி அச்சம். ஆங்கிலம் இல்லாத இடத்தைத் தேடி ஓடியவனுக்குத் தமிழ் நிழல் தந்தது.

இகரம் எங்கிருந்து வந்தது என்னும் வினாவுக்கு விடையைச் சில ஆண்டுகள் சென்றபின் நன்னூலிலே கண்டேன். உயிர் ஏறாத மெய் தமிழிற் சொல்லுக்கு முதலாகாது. வடசொற்கள் தமிழுக்கு வரும்போது இராமன் எனவும், உரோமம் எனவும், உலோகம் எனவும் முன்னே ஓர் உயிரைப் பெற்று வரும் முறையைப் பவணந்தியார் பதவியலிற் கூறுகின்றார். சிறுவனாகிய யான் செய்தது பிழையெனினும் மடமையன்று. என் தாய்மொழியின் இலக்கணத்தை என்னையறியாமலே கைக்கொண்டேன். என் ஆசிரியருக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தது. என் பிழை எங்கே பிறந்தது என்பது தெரிந்திருக்கவில்லை. இவையெல்லாம் அறிந்த யானோ அறுபதை அணுகும் வயதில் அதே நகைப்பை நகைத்தேன். வகுப்பின் முன் எழுந்து அம்மாணவியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அப்பொழுது விரிவுரையாளர் ஒரு மெல்லிய காகிதத் துண்டை அவரிடம் கொடுத்து, வாய்க்கு முன்னே பிடித்துக்கொண்டு சொல்லச் சொன்னார். மூச்சோடு வெடிக்கும் பகரத்துக்குக் காகிதம் அசையும், மற்றையதற்கு அசையாது. சில முறை முயன்றபின் காகிதம் அசைந்தது. ஆங்கிலத்திலே குண்டூசியைக் குறிக்கும் சொல்லும் குப்பைத்தொட்டியைக் குறிக்கும் சொல்லும் தமிழில் எழுதும்போது 'பின்' என ஒன்றேயாகும். ஆங்கிலேயர் முன்னையதன் முதலெழுத்தை மூச்சோடு ஒலிப்பர். தமிழர் வாயில் அம்மூச்சு வாராமையால், நாம் குண்டூசி கேட்டாலும் அவர் செவிக்குக் குப்பைத்தொட்டியாகவே படக்கூடும். காதுக்குக் கேளாத வேற்றுமையைக் கண்ணுக்குக் காட்டுகிறது ஒரு காகிதத் துண்டு. நூறு முறை 'பிழை, பிழை' என்று சொல்வது இதனைச் செய்யாது.

ஆகவே, ஆங்கிலம் கற்பிக்கப் புகுவோர் கற்பவனுடைய மொழியின் இயல்பையும் கற்றல் வேண்டும். ஓர் உதாரணம் கூறுவேன். பெயருக்கு முன்னே 'எ' என்றும் 'த' என்றும் இடைச்சொல் இட்டு, இன்னதென்று சுட்டாத பொருளையும் அறிந்த பொருளையும் ஆங்கிலம் வேறுபடுத்தும். தமிழிலே இஃது இல்லை என்றும், ஆதலால் நம் பிள்ளைகளுக்கு இது விளங்காது என்றும் ஆசிரியர் பலர் சொல்லக் கேட்டிருக்கின்றேன். 'புத்தகம் வாங்கினேன்' என்பதையும் 'புத்தகத்தை வாங்கினேன்' என்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முன்னையது ஏதோ ஒரு புத்தகம். பின்னையது நீங்களும் நானும் முன்னரே அறிந்த புத்தகம். அஃறிணைப் பெயரிலே இரண்டாம் வேற்றுமை உருபு தொக்கும் விரிந்தும் நிற்கும்போது, ஆங்கிலம் இடைச்சொல்லாற் காட்டும் வேற்றுமையைத் தமிழ் பெரும்பாலும் உருபினாற் காட்டிவிடுகிறது. எல்லா இடத்தும் இது பொருந்தாது. ஆயினும் தொடங்குவதற்கு இதைவிட நல்ல படி வேறில்லை.

ஒலியிலும் அவ்வாறே. 'பற்று', 'காற்று' என்னும் சொற்களின் றகரத்தை ஈழத்தமிழர், சிறப்பாக யாழ்ப்பாணத்தார், பல்லடியில் நா ஒற்றி வல்லொலியாக ஒலிக்கும் வழக்கை இன்னும் காத்து வருகிறோம். ஆங்கிலேயர் தகர டகரங்களுக்கு இடைப்பட ஒலிக்கும் வல்லெழுத்துக்கு அது மிக அண்மையது. 'நாக்கை மடியாதே, இப்படி வை' என்று பிள்ளையை வருத்தும் ஆசிரியர், 'காற்று' என்று சொல்லச் செய்து அந்த இடத்திலேயே நாவை நிறுத்தச் சொன்னாற் போதும். பிள்ளையின் வாயிலே முன்னரே இருக்கும் செல்வத்தை ஆசிரியர் அறியாதிருத்தல் நட்டமன்றோ?

ஆங்கிலத்தை ஆங்கிலேயரே கற்பித்தல் வேண்டும் என்று கருதுவோர் இன்றும் உளர். தமிழின் வரலாறு வேறொன்று கூறும். இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் தமிழை அந்நிய மொழியாகக் கற்றவர். தம்போல் வந்த பிறநாட்டார் கற்பதற்கென்று பேச்சுத்தமிழுக்கு அவர் இலத்தீனில் எழுதிய இலக்கணம் 1738 இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. தமிழிலே பிறந்த நம் புலவர்க்கு அப்படியொரு நூல் தேவைப்படவில்லை, தேவைப்படாமையால் எழுதவுமில்லை. ஏறி வந்தவனுக்கே படிகள் தெரியும்.

ஆங்கிலத்துக்கும் இதுவே நேர்ந்தது. ஹரல்ட் பாமர் 1922 இல் யப்பானுக்குச் சென்று, அடுத்த ஆண்டிலே ஆங்கிலங் கற்பித்தலை ஆராயும் நிறுவனம் ஒன்றை அங்கே அமைத்தார். அவ்வழியில் நின்ற ஹோண்பி என்பார் இருவர் துணையோடு தொகுத்த அகராதி 1942 இல் அந்நாட்டிலேதான் முதலில் வெளிவந்தது. 1948 இல் ஒக்ஸ்போட் அதனை வெளியிட்டது. எண்ணத்தகும் பெயர் எது, எண்ணத்தகாத பெயர் எது, எவ்வினை எவ்வமைப்பில் வரும் என்பனவற்றை அது குறித்துக் காட்டியது. ஆங்கிலேயர் தம் மொழியை யப்பானிய மாணாக்கரின் இடர்வழியே நோக்கியபோதுதான் அந்நூல் பிறந்தது. பிறநாட்டார் இடர்ப்பட்டதனால் ஆங்கிலமே தன் இலக்கணத்தைத் தெளிவாய் அறிந்துகொண்டது.

பல்கலைக்கழகத்தார்க்கு யான் பணிவுடன் விண்ணப்பிப்பன மூன்று. ஆங்கில ஆசிரியராகப் பயில்வோர் தாம் அறியாத மொழியொன்றைச் சில வாரமாயினும் கற்றல் வேண்டும். அரைமணி நேரம் போதாது. தமிழ் மாணாக்கர் சிங்களத்தையும் சிங்கள மாணாக்கர் தமிழையும் கற்பாராயின் ஒரு கல்லில் இரண்டு மாங்காய். இரண்டாவது, கற்பிக்கப்படும் பிள்ளையின் தாய்மொழி இலக்கணம் அவர் பாடத்திட்டத்தில் இடம்பெறல் வேண்டும், அவ்வேலைக்குத் தமிழாசிரியர்களை அழைக்கலாம், அழைத்தால் வருவோம். மூன்றாவது, பயிற்சி வகுப்பை மதிப்பிட வரும் பெரியோர், ஆசிரியர் எவ்வளவு பேசினார் என்பதை விட்டு, பின்வரிசைப் பிள்ளை எத்தனை முறை வாய் திறந்தது என்பதை எண்ணுதல் வேண்டும்.

அம்மாணவி இப்பொழுது சனிக்கிழமைகளில் எம் வீட்டுக்கு வருகின்றார். எனக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறார். யான் அவருக்கு நன்னூல் சொல்லுகிறேன். முதல்நாள் பழைய சொல்லை அவர் முன் சொல்லிப் பார்த்தேன். 'இஸ்கூல்' என்றுதான் வந்தது. அவர் நகைக்கவில்லை. "ஐயா, பாம்பு சீறுவதுபோல முதலில் சகரத்தை மட்டும் நீட்டிச் சொல்லுங்கள், பிறகு மற்றதைச் சேர்ப்போம்" என்றார். மூன்றாவது வாரத்தில் இகரம் விலகிற்று. என் பழைய ஆசிரியர் அன்று இதனைச் செய்திருந்தால் சில நிமிடங்களே சென்றிருக்கும். அச்சில நிமிடங்கள் கிடையாத பிள்ளைகள் இன்றும் நம் வகுப்பறைகளிலே வாய்மூடி இருக்கின்றார்கள். ஆங்கிலம் கற்பிக்கப் போகும் இளைஞர்கள் அவர்களை மறவாதிருப்பார்களாக.