மிருதங்க ஒலியியல் ஆய்வுகள்

மிருதங்கம், தபலா ஆகிய இந்தியத் தோற்கருவிகள் ஒரு குறிப்பிட்ட சுருதியில் நின்று ஒலிப்பது எவ்வாறு என்பதை இயற்பியல் வழியில் விளக்க முயன்ற ஆய்வுகளை மிருதங்க ஒலியியல் ஆய்வுகள் என்று தொகுத்துச் சொல்லலாம். இவற்றைத் தொடங்கிவைத்தவர் சர் ச. வெ. இராமன். 1920-ஆம் ஆண்டு ஜனவரியில் 'நேச்சர்' இதழில் அவரும் சிவகாளி குமாரும் எழுதிய ஒரு சிறு குறிப்பிலிருந்து இத்துறை வளர்ந்தது. ஒளிச்சிதறலுக்காக 1930-இல் நோபல் பரிசு பெற்ற இராமன், அதற்கு முன் பல ஆண்டுகள் இசைக்கருவிகளை ஆராய்வதையே முதன்மைப் பணியாகக் கொண்டிருந்தார் என்பது பலர் அறியாத செய்தி.

தோற்கருவியும் சுருதியும்

நரம்புக் கருவியில் ஒரு தந்தியை மீட்டினால் ஒரே ஓர் ஒலி எழுவதில்லை. தந்தி முழுதாக அதிர்வதோடு, இரண்டு பாதிகளாகவும் மூன்று பகுதிகளாகவும் நான்கு பகுதிகளாகவும் ஒரே நேரத்தில் அதிர்கிறது. அடிப்படை அதிர்வெண் நொடிக்கு 200 என்றால் அதனுடன் 400, 600, 800 என்ற அதிர்வெண்களும் சேர்ந்து எழும். இவ்வாறு முழு மடங்குகளாக அமையும் ஒலிகளுக்குச் சீரிசைகள் என்று பெயர். காது இவற்றைத் தனித்தனியாகப் பிரிக்காமல் ஒரே சுரமாக ஏற்றுக்கொள்கிறது. வீணையிலும் குழலிலும் சுரம் தெளிவாக நிற்பதற்கு இதுவே காரணம்.

வட்டமாக இழுத்துக் கட்டிய தோலில் நிலைமை வேறு. அதன் அதிர்வுகள் முழு மடங்குகளாக அமைவதில்லை. எங்கும் ஒரே கனமுள்ள தோலின் அடிப்படை அதிர்வெண் 200 எனக் கொண்டால், அடுத்து வருபவை ஏறத்தாழ 319, 427, 459, 531 என்று ஒன்றோடொன்று இசையாத எண்களாக இருக்கும். இவை கலந்து வரும்போது காதுக்குச் சுரம் கிடைப்பதில்லை, ஓசை மட்டுமே கிடைக்கிறது. பறைக்கும் ஐரோப்பியப் படைமுரசுக்கும் இது குறையன்று. அவற்றின் வேலையே வேறு. ஆனால் பாடகரின் ஆதார சட்ஜத்தோடு சேர்ந்து ஒலிக்க வேண்டிய ஒரு பக்கவாத்தியத்துக்கு இது பெரும் தடை.

ஐரோப்பிய இசையில் டிம்பானி என்ற கிண்ண முரசு இத்தடையை ஒருவாறு கடந்தது. அதன் பெரிய தோலோடு சேர்ந்து அசையும் காற்று, அதிர்வுகளின் விகிதத்தை மாற்றி, அவற்றுள் சிலவற்றை 2:3:4 என்ற வரிசைக்கு அருகில் கொண்டுவருகிறது. டிம்பானியின் ஒலிகளை ஆங்கில இயற்பியலாளர் ரேலே பிரபு 19-ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்திருந்தார். எனினும் அங்கு அடிப்படை ஒலி அவ்வரிசையில் சேராமல் விலகியே நிற்கிறது.

இராமனின் ஆய்வுகள்

இராமன் 1888-இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தவர். தந்தை சந்திரசேகர ஐயர் கல்லூரி ஆசிரியர். வயலின் வாசிக்கத் தெரிந்தவர். இராமன் 1907-இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்றார். அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் கிடைத்த நேரத்தில், பௌபஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆய்வு செய்தார். அக்காலத்து அவருடைய தொடக்கக் கட்டுரைகளில் ஒன்று ஏக்தாரா என்ற ஒற்றைத் தந்திக் கருவியைப் பற்றியது. 1918-இல் வில்லால் இசைக்கப்படும் தந்திகளின் அதிர்வு குறித்து விரிவான நூல் ஒன்றை வெளியிட்டார். வயலினைக் கைக்குப் பதிலாக இயந்திரத்தால் இசைத்து, வில்லின் வேகமும் அழுத்தமும் ஒலியை எப்படி மாற்றுகின்றன என்றும் அளந்தார்.

வீணை, தம்பூரா பற்றிய அவருடைய 1921-ஆம் ஆண்டுக் கட்டுரை சிறியது, ஆனால் சுவையானது. தந்தியை மீட்டும் இடத்தில் எந்தச் சீரிசைக்குக் கணு, அதாவது அசையாப் புள்ளி, அமைகிறதோ அந்தச் சீரிசை எழாது என்பது யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியோர் பெயரால் வழங்கும் விதி. வீணையும் தம்பூராவும் இவ்விதிக்குக் கட்டுப்படவில்லை என்று இராமன் கண்டார். எழக்கூடாத ஒலியும் அவற்றில் வலுவாக எழுகிறது. காரணம் குதிரையின் அமைப்பு. வயலின் குதிரையின் விளிம்பு கூர்மையானது. வீணையின் குதிரை தட்டையாகவும் மெல்ல வளைந்தும் இருப்பதால் தந்தி அதிரும்போது அதில் பட்டுப் பட்டு விலகுகிறது. தம்பூராவில் குதிரைமேல் வைக்கும் 'ஜீவா' நூலின் பங்கும் இதுவே. 1927-இல் ஜெர்மனியில் வெளிவந்த இயற்பியல் கலைக்களஞ்சியத்தில் இசைக்கருவிகள் பற்றிய பகுதியை எழுதும் பொறுப்பு இராமனிடம் ஒப்படைக்கப்பட்டதற்கு இத்தகைய பணிகளே பின்னணி.

தோற்கருவிகளில் அவர் கண்டது இன்னும் வியப்பானது. மிருதங்கத்தின் வலந்தலை முதல் ஐந்து சீரிசைகளை 1:2:3:4:5 என்ற விகிதத்தில் தருகிறது என்று 1920-ஆம் ஆண்டுக் குறிப்பு அறிவித்தது. பெங்களூருக்கு இடம்பெயர்ந்து, 1934-இல் தாம் நிறுவிய இந்திய அறிவியல் கழகத்தின் நடவடிக்கை இதழின் முதல் தொகுதியில் அவர் இதை விரித்து எழுதினார். தோலின்மீது நுண்மணலைத் தூவி அதிரவைத்தால், அசையும் இடங்களிலிருந்து விலகி அசையாத கோடுகளில் மணல் ஒதுங்கி நிற்கும். அக்கோலங்களைப் படமெடுத்து ஒவ்வொரு ஒலிக்கும் உரிய அதிர்வு வடிவத்தை அவர் காட்டினார்.

மொத்தம் ஒன்பது அதிர்வு வடிவங்கள் ஐந்து சீரிசைகளுக்குள் அடங்குகின்றன. தோல் முழுதும் ஒருசேர மேலும் கீழும் அசைவது முதற்சீரிசை. நடுவே ஒரு விட்டம் அசையாமல் நிற்க இரு பாதிகளும் எதிரெதிராக அசைவது இரண்டாவது. மூன்றாவதில் இரண்டு வடிவங்களும், நான்காவதில் இரண்டும், ஐந்தாவதில் மூன்றும் ஒரே சுரத்தில் வந்து சேர்கின்றன. சாதாரணத் தோலில் தனித்தனி அதிர்வெண்கள் கொண்ட வடிவங்கள் இங்கே ஒன்றுகூடுகின்றன என்பதுதான் இக்கண்டுபிடிப்பின் உயிர்நாடி. 1:2 என்ற விகிதம் மட்டும் அமைந்திருந்தால் அதைத் தற்செயல் என்று தள்ளிவிடலாம். ஒன்பது வடிவங்களும் வந்து பொருந்துவதைத் தற்செயல் என்று சொல்ல இயலாது.

கரணை செய்யும் வேலை

இந்த மாற்றத்துக்குக் காரணம் வலந்தலையின் நடுவில் உள்ள கரிய வட்டப் பூச்சு. இது கரணை என்றும் சாதம் என்றும் அழைக்கப்படுகிறது. இரும்புச் சத்துள்ள கரிய கல்லை நுண்பொடியாக்கிக் குழைந்த சோற்றுடன் பிசைந்து இது தயாரிக்கப்படுகிறது.

நடுவில் கனம் கூட்டினால் என்ன நிகழும்? தோல் முழுதும் அசையும் முதல் வடிவத்தில் நடுப்பகுதியே மிகுதியாக அசைகிறது. அங்கே கனம் சேர்ந்தால் அவ்வசைவு வெகுவாக மந்தமாகி அதன் சுரம் கீழிறங்கும். இரண்டாம் வடிவத்தில் விட்டக்கோடு நடுவழியே செல்வதால் நடுப்பகுதி அதிகம் அசைவதில்லை. ஆகவே கனத்தால் அதற்குப் பாதிப்பு குறைவு. இப்படி முதலாவது அதிகமாகவும் இரண்டாவது குறைவாகவும் இறங்கும்போது 1:1.59 ஆக இருந்த விகிதம் 1:2-ஐ நோக்கி விரிகிறது. மற்ற வடிவங்களும் இதே முறையில் தத்தம் இடத்துக்கு நகர்கின்றன. கனம் போதாவிட்டால் விகிதம் எட்டாது, மிகுந்தால் தாண்டிவிடும்.

அமெரிக்க ஒலியியலாளர் தாமஸ் ராசிங் 1982-இல் சைக்ஸ் என்பவருடன் சேர்ந்து இதை நேரடியாகச் சோதித்தார். பூச்சு சிறிது சிறிதாக ஏற ஏற மிருதங்கத்தின் அதிர்வெண்களை இடையிடையே அளந்தனர். முழுக் கரணை அமைய ஏறத்தாழ 100 மெல்லிய படலங்கள் தேவைப்பட்டன. தொடக்கத்தில் சிதறிக் கிடந்த அதிர்வெண்கள் படலங்கள் கூடக் கூட நெருங்கி வந்து சீரிசைகளாகத் திரண்டதை அளவீடுகள் காட்டின.

ஒவ்வொரு படலத்தையும் வழவழப்பான கல்லால் தேய்த்துக் காயவைப்பது வழக்கம். தேய்க்கும்போது கரணையில் மயிரிழை போன்ற வெடிப்புகள் விழுகின்றன. பார்ப்பவருக்குப் பழுதுபோலத் தோன்றினாலும் இவ்வெடிப்புகள் தேவையானவை. இவை இல்லாவிட்டால் கரணை ஒரே வில்லையாக இறுகித் தோலின் வளைவைத் தடுத்துவிடும். கனத்தைக் கூட்ட வேண்டும், ஆனால் விறைப்பைக் கூட்டக் கூடாது என்ற முரணான தேவை இந்த எளிய வழியால் நிறைவேறுகிறது.

இடந்தலையில் நிலையான பூச்சு கிடையாது. கச்சேரிக்கு முன் ரவையைப் பிசைந்து அப்பிக்கொண்டு, முடிந்ததும் வழித்தெடுத்துவிடுவர். பூச்சால் தோலைச் சுருதிப்படுத்தும் வழக்கம் பழமையானது. நாட்டிய சாத்திரம் புஷ்கர வாத்தியங்களின் முகத்தில் ஆற்றங்கரை மண்ணைப் பூசுவதைக் குறிப்பிடுகிறது.

விரலும் அதிர்வு வடிவமும்

எந்த அதிர்வு வடிவம் எழ வேண்டும் என்பதை வாசிப்பவரின் விரல்கள் தீர்மானிக்கின்றன. 'நம்' என்ற சொல்லுக்கு மோதிரவிரல் கரணையின் ஓரத்தை மெல்லத் தொட்டிருக்க, ஆள்காட்டி விரல் விளிம்பில் அடிக்கிறது. தொட்ட இடம் அசைய முடியாது. ஆகவே தோல் முழுதும் அசையும் முதல் வடிவம் அடங்கிவிடுகிறது. தொட்ட இடத்தின் வழியே அசையாக் கோடு செல்லும் இரண்டாம் வடிவம் தடையின்றி எழுகிறது. விரல் எதுவும் தங்காமல் அடிக்கும் 'தீம்' என்ற சொல்லில் முதற்சீரிசையும் சேர்ந்து முழங்குகிறது. வயலின் கலைஞர் தந்தியை அழுத்தாமல் தொட்டு மேற்சுரம் எழுப்புவதும் இதே தத்துவம்தான். ஒரே தலையில் வெவ்வேறு சொற்கள் வெவ்வேறு சுர நிறத்தோடு பிறப்பதன் இரகசியம் இதில் பெரிதும் அடங்கியுள்ளது.

வலந்தலையில் வார் கோக்கும் 16 கண்களிலும் அடித்துப் பார்த்து, கல்லாலும் புள்ளாலும் தட்டிச் சுருதி சேர்ப்பதற்கும் இதே விளக்கம் பொருந்தும். இழுவிசை ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைந்தால், விட்டக்கோடு எந்தத் திசையில் அமைகிறது என்பதைப் பொறுத்து இரண்டாம் வடிவத்தின் சுரம் சற்றே மாறும். நெருங்கிய இரு சுரங்கள் ஒருசேர எழ, ஒலி அலையடிப்பதுபோல் நடுங்கும். வித்துவான் காதால் தேடி நீக்குவது இந்த நடுக்கத்தைத்தான்.

கோட்பாட்டு விளக்கங்கள்

இராமன் சோதனையில் கண்டதைக் கணிதத்தால் நிறுவும் முயற்சி 1922-இல் ஆர். என். கோஷ் எழுதிய கட்டுரையிலேயே தொடங்கிவிட்டது. பரவலாக ஏற்கப்பட்ட விளக்கத்தைப் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த பி. எஸ். இராமகிருஷ்ணாவும் மன்மோகன் சோந்தியும் 1954-இல் அளித்தனர். கனமான உள்வட்டமும் இலேசான வெளிவளையமும் சேர்ந்த கூட்டுச் சவ்வாக வலந்தலையை அவர்கள் கருதினர். இரு பகுதிகளின் ஆரம், அடர்த்தி ஆகியவற்றின் விகிதங்களைத் தக்கவாறு தேர்ந்தால் கணக்கிட்ட அதிர்வெண்கள் இராமனின் சீரிசைகளுக்கு அருகில் வருகின்றன. உண்மைக் கரணை விளிம்பு நோக்கி மெல்லிதாகிக்கொண்டே போவது. இரு படி மாதிரி அதைச் சமமான கனமாக எடுத்துக்கொள்கிறது. தபலா இணையின் இடக்கருவியில் பூச்சு நடுவிலிருந்து விலகி இருப்பதால் அதற்குத் தனிக் கணக்கு தேவைப்பட்டது. இராமகிருஷ்ணா 1957-இல் அதையும் எழுதினார்.

செய்பவர்களும் ஆய்வும்

இந்த அறிவியல் இலக்கியத்தில் ஓர் இடைவெளி கண்ணில் படுகிறது. சீரிசைகளின் சிறப்பு முன்னோரின் மேதைமைக்கு உரியதாகச் சொல்லப்பட்டது. ஆனால் ஆய்வுக்கூடத்துக்கு வந்த ஒவ்வொரு மிருதங்கத்தின் கரணையையும் படலம் படலமாக ஏற்றியவர்கள் அன்றைக்கும் வாழ்ந்துகொண்டிருந்தவர்கள். எப்போது நிறுத்த வேண்டும் என்பதை அளவுகோல் எதுவுமின்றித் தட்டிக் கேட்டே முடிவுசெய்தவர்கள் அவர்கள். சூத்திரத்தில் அடர்த்தி விகிதம் என்று வருவது அவர்கள் கையில் இருந்த அறிவு.

இக்கைவினை தஞ்சாவூரிலும் சென்னையிலும் பெரும்பாலும் தலித் கிறித்தவக் குடும்பங்களிடம் இருந்துவருகிறது. மாடு, ஆடு, எருமை ஆகிய மூன்றின் தோலும் மிருதங்கத்துக்குத் தேவை. அவற்றைத் தேர்ந்து, ஊறவைத்து, மயிர் நீக்கி, பலாமரக் கட்டையில் மூட்டுவரை செய்து முடிப்பது கடும் உழைப்பு. தோலோடு வேலை செய்வது சாதியத் தீண்டாமையோடு பிணைந்திருந்ததால், கருவி ஏறிய மேடையில் கருவி செய்தவருக்கு இடமில்லாமல் போனது. பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020-இல் வெளியிட்ட 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற ஆங்கில நூல், இக்குடும்பங்களை நேரில் கண்டு அவர்களின் வரலாற்றைப் பதிவுசெய்தது. பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்துதந்த பர்லாந்து, வித்துவானின் காதுக்கேற்ப கருவியில் செய்த மாற்றங்களையும் அதில் அறியலாம். அந்நூலின் வெளியீட்டு விழாவுக்கு முதலில் அரங்கம் தர இசைந்த கலாக்ஷேத்ரா அறக்கட்டளை பின்னர் அனுமதியைத் திரும்பப் பெற்றது. விழா சென்னை ஆசிய இதழியல் கல்லூரியில் நடைபெற்றது.

அண்மைக் காலத்தில் நார்க்கண்ணாடிக் கூடும் செயற்கைத் தோலும் கொண்ட மிருதங்கங்கள் விற்பனைக்கு வந்துள்ளன. ஈரப்பதத்தால் சுருதி இறங்காமை, எடைக்குறைவு ஆகியவை இவற்றின் நன்மைகள். தோல் மாறினாலும் கூடு மாறினாலும் வலந்தலையின் நடுவே கனம் சேர்க்கும் ஏற்பாட்டை மட்டும் இவையும் விட்டுவிடவில்லை.