சட்டியில் இருப்பதே அகப்பையில் வரும்: சிவில் வழக்கு எப்படி இயங்குகிறது?

கல்யாணச் சமையலுக்கு வந்த தலைமைச் சமையற்காரர் கடைவீதிக்குப் போவதில்லை. வீட்டார் வாங்கி வந்து உக்கிராணத்தில் இறக்கிய சரக்கை வைத்துத்தான் அவர் உலை வைப்பார். துவரம்பருப்பு வரவில்லையென்றால், அவர் எவ்வளவு கைதேர்ந்தவரானாலும் பந்தியில் சாம்பார் இருக்காது.

சிவில் நீதிமன்றமும் இப்படித்தான் இயங்குகிறது. நீதிபதி உண்மையைத் தேடி உங்கள் தெருவுக்கு வருவதில்லை. இரு தரப்பும் கொண்டுவந்து வைத்ததை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதுகிறார். ‘உண்மை என் பக்கம் இருக்கிறது, ஜட்ஜுக்குத் தெரியாதா?’ என்று நம்பி, சொல்ல வேண்டியதைச் சொல்லாமலும் காட்ட வேண்டியதைக் காட்டாமலும் நல்ல வழக்கைத் தோற்றவர்கள் ஏராளம். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால், நீதிமன்ற வராந்தாவில் காதில் விழும் சொற்கள் ஒவ்வொன்றாகப் புரிய ஆரம்பிக்கும்.

ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். கும்பகோணத்தில் ஒரு வீடு. அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. அவர் காலமாகிவிட்டார், அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டார். வாரிசுகள் அக்காவும் தம்பியும் மட்டும். உயில் இல்லையென்றால் 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஆளுக்குப் பாதி. ‘அப்பா எனக்கே எழுதி வைத்துவிட்டார்’ என்கிறார் தம்பி. அக்கா வழக்குப் போடுகிறார்.

சாமான் பட்டியல்: பிராது

வழக்குத் தொடுக்கும் அக்கா வாதி. தம்பி பிரதிவாதி. வக்கீலுக்குக் கையெழுத்திட்டுக் கொடுக்கும் அதிகாரம் வக்காலத்து. வாதி தன் கதையையும் கோரிக்கையையும் எழுதித் தாக்கல் செய்வது பிராது. வழக்குரை என்றும் சொல்வார்கள். சமையற்காரரிடம் நீட்டும் சாமான் பட்டியல் இதுதான்.

பிராதில் மூன்று பகுதிகளைக் கவனமாகப் படிக்க வேண்டும். முதலாவது வழக்குமூலம். எந்த நிகழ்வால், எந்தத் தேதியில், வழக்குத் தொடுக்கும் உரிமை பிறந்தது என்பது இது. இரண்டாவது சொத்து தபசில். சர்வே எண், நான்கெல்லை, அளவு எல்லாம் இங்கே வரும். இதில் ஓர் எண் பிசகினால் கடைசியில் ஜெயித்தும் வீட்டை அடையாளம் காட்ட முடியாமல் திண்டாட வேண்டிவரும். மூன்றாவது பரிகாரம், அதாவது நீதிமன்றத்திடம் நீங்கள் கேட்பது.

பட்டியலில் விட்டதைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டமே இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறது. வீட்டுச் சொந்தக்காரருக்கு 1905, 1906, 1907 மூன்று ஆண்டு வாடகை பாக்கி. அவர் 1908-இல் 1906-க்கு மட்டும் வழக்குப் போடுகிறார். மற்ற இரண்டு ஆண்டுகளுக்காக அவர் மறுபடி வழக்குப் போட முடியாது. பிராதைப் பிறகு திருத்த மனுப் போடலாம். ஆனால் விசாரணை தொடங்கிவிட்டால், முன்பே ஏன் சொல்ல முடியவில்லை என்பதற்குத் தக்க காரணம் காட்டியாக வேண்டும். நம் வழக்கில் மேல்தளத்தைத் தம்பி வாடகைக்கு விட்டிருந்தால், அந்த வாடகையில் தன் பங்கையும் அக்கா பிராதிலேயே கேட்டுவிடுவதுதான் பாதுகாப்பு.

எந்த அடுப்பு? சரக்கு கெடவில்லையா?

அண்டாவின் அளவுக்கேற்ப அடுப்பு வேண்டும். எந்த நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளலாம் என்பது அதிகார வரம்பு. அக்கா கோவையிலும் தம்பி சென்னையிலும் குடியிருந்தாலும், வீடு இருப்பது கும்பகோணம் என்பதால் வழக்கும் அங்கேதான். வழக்கின் மதிப்பைப் பொறுத்து முன்சீப் கோர்ட்டா, சார்பு நீதிமன்றமா, மாவட்ட நீதிமன்றமா என்பது தீர்மானமாகும்.

அடுப்புக்கு விறகு வாங்கும் செலவு நீதிமன்றக் கட்டணம். தமிழ்நாட்டில் இதற்கு 1955-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. பாகப்பிரிவினை வழக்கில், சொத்தின் கூட்டு அனுபவத்தில் இருப்பவருக்கு நிர்ணயிக்கப்பட்ட கட்டணம் மட்டுமே. அனுபவத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர் தன் பாகத்தின் சந்தை மதிப்பைக் கணக்கிட்டுக் கட்ட வேண்டும். கட்டணம் செலுத்த வழியில்லாதவர் வறியவராக வழக்காட அனுமதி கேட்கலாம்.

எந்தச் சரக்குக்கும் ஒரு தவணை உண்டு. வழக்குகளுக்கு அதை வகுப்பது 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். புரோநோட்டுக் கடன் என்றால் பொதுவாக 3 ஆண்டு. அசையாச் சொத்தின் சுவாதீனத்தை உரிமையின் பேரில் கேட்பதற்கு 12 ஆண்டு. தவணை தாண்டிய வழக்கை, எதிராளி வாய் திறக்காவிட்டாலும் நீதிமன்றமே தள்ளுபடி செய்தாக வேண்டும். கடன் கொடுத்தவர்கள் மூன்று ஆண்டு முடிவதற்குள் புரோநோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கடன்காரரிடம் கையெழுத்து வாங்குவது இதனால்தான். அந்தக் கையெழுத்து விழுந்த நாளிலிருந்து தவணை புதிதாகத் தொடங்கும்.

மறுவீட்டுச் சரக்கு: சம்மனும் எதிருரையும்

ஒரு வீட்டுச் சரக்கை மட்டும் வைத்து உலை ஏற்றுவது முறையல்ல. ஆகவே தம்பிக்கு அழைப்பு போகும். அதுதான் சம்மன். அது கைக்கு வந்த 30 நாளுக்குள் அவர் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்றம் காரணம் பதிவு செய்து 90 நாள்வரை நீட்டிக்கலாம். சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மிக அரிதான சூழலில் அதற்குப் பிறகும் ஏற்கலாம் என்றது. அந்தச் சலுகையை நம்பி எவரும் காத்திருக்கக் கூடாது.

எதிருரையில் ஒரு நுட்பம் உண்டு. பிராதில் சொன்ன சங்கதியைக் குறிப்பிட்டு மறுக்காவிட்டால், அதை ஒப்புக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். ‘எல்லாம் பொய்’ என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது; பத்தி பத்தியாகப் பதில் வேண்டும்.

சம்மனை வாங்க மறுப்பதாலோ, வாங்கிப் பரணில் போடுவதாலோ வழக்கு நிற்காது. மறுதரப்பு வராமலே தீர்ப்பாகிவிடும். இதைத்தான் எக்ஸ்பார்ட்டி, ஒருதலைத் தீர்ப்பு என்கிறார்கள். அதை ரத்து செய்யக் கோரும் மனுவுக்குத் தவணை 30 நாள். சம்மன் முறையாகச் சேர்ப்பிக்கப்படவில்லையென்றால், தீர்ப்பாணை பற்றித் தெரிந்த நாளிலிருந்து அந்த 30 நாளை எண்ண வேண்டும்.

பொங்கி வழியாமல்: இடைக்கால உத்தரவு

வழக்கு முடிய ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் தம்பி வீட்டை விற்றுவிட்டால்? பால் பொங்கி வரும்போது தீயைத் தணிப்பதுபோல, மூல வழக்கு முடியும்வரை நிலைமையைக் காக்கக் கேட்பது இடைமனு. வக்கீல்கள் இதை ஐ.ஏ. என்பார்கள். கூடவே, சொல்வது உண்மை என்று உறுதிகூறும் பிரமாணப் பத்திரமும் போகும்.

விற்கக்கூடாது, இடிக்கக்கூடாது என்று தடுப்பது தற்காலிக உறுத்துக்கட்டளை. இதைத் தருமுன் நீதிபதி மூன்றைப் பார்ப்பார். மேலோட்டமாகப் பார்த்தாலே வழக்கில் சாரம் தெரிகிறதா? உத்தரவு தந்தால், தராவிட்டால், யாருக்கு அதிகச் சிரமம்? பிறகு பணத்தால் ஈடுகட்ட முடியாத இழப்பு நேருமா? தணித்த தீ சமைத்த சோறு ஆகாது. ‘ஸ்டே வாங்கிட்டோம்’ என்று சொல்லிக்கொண்டு வழக்கில் ஜெயித்ததாக நினைப்பது தவறு.

தன்னைக் கேட்காமல் உத்தரவு வந்துவிடுமோ என்று தம்பி அஞ்சினால் முன்கூட்டியே கேவியட் போடலாம். அது 90 நாள் செல்லும். வழக்கு நடக்கும்போதே அவர் வீட்டை விற்றுவிட்டாலும், சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, வாங்கியவரும் இந்த வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டவரே.

அரிசி வேறு, கல் வேறு: எழுவினாக்கள்

இரு வீட்டுச் சரக்கும் வந்தபின் முறத்தில் இட்டுப் புடைக்க வேண்டும். வீடு அப்பாவுடையது என்பதில் இருவருக்கும் சண்டை இல்லை. அது ஓரமாகப் போய்விடும். எஞ்சுகிற முரண்பாடுகளை நீதிபதி கேள்விகளாக எழுதுவார். அவைதான் எழுவினாக்கள். உயில் உண்மையானதா? வாதிக்குப் பாதிப் பங்கு உண்டா? வேறு என்ன பரிகாரம்? இதன் பிறகு சாட்சியம் முழுக்க இந்தக் கேள்விகளைச் சுற்றியே இருக்கும். உங்கள் மனக்குறை எழுவினாக்களில் இடம்பெறவில்லையென்றால், அதைப் பற்றி எவ்வளவு பேசினாலும் தீர்ப்பில் வராது.

அடுப்பில் ஏறுவது: விசாரணை

இப்போது சாட்சி விசாரணை. முதல் விசாரணை எழுத்துமூலமாகவே பிரமாணப் பத்திரமாகத் தாக்கலாகும். எதிர்த்தரப்பு வக்கீல் கேள்வி கேட்பது குறுக்கு விசாரணை. நீதிமன்றம் ஏற்றுக் குறியீடு இட்ட ஆவணம் சான்றாவணம். மூலப் பத்திரம், வாரிசுச் சான்றிதழ், வில்லங்கச் சான்று, வீட்டுவரி ரசீது எல்லாம் இங்கே வரும். பையில் இருக்கும் பத்திரம் உக்கிராணத்துக்கு வராத சரக்கு. குறியீடு விழுந்தால்தான் அது சமையலில் சேரும். வாதி தன் ஆவணங்களைப் பிராதுடனேயே தர வேண்டும். பிந்தித் தர அனுமதி கேட்க வேண்டும்.

எதை யார் நிரூபிப்பது? எதைச் சொல்லி உரிமை கேட்கிறாரோ அவரே. உயிலைச் சொல்வது தம்பி. ஆகவே மெய்ப்பிக்கும் பொறுப்பும் அவருடையது. உயிலில் குறைந்தது இரண்டு சாட்சிகளின் சான்றொப்பம் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது உயிரோடும் வரக்கூடிய நிலையிலும் இருந்தால் கூண்டேற்றியாக வேண்டும். பதிவு செய்த உயிலுக்கும் இதே விதிதான். குற்ற வழக்கைப்போல ஐயத்துக்கு அப்பாற்பட்ட நிரூபணம் இங்கே தேவையில்லை. இரண்டில் எது நடந்திருக்கக்கூடியது என்பதே அளவு. சாட்சியத்துக்கான சட்டமும் இப்போது புதிது: 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் நடைமுறையில் உள்ளது.

விசாரணையைத் தள்ளிவைப்பது வாய்தா. ஒரு தரப்புக்கு விசாரணைக் கட்டத்தில் மூன்று முறைக்கு மேல் கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஒவ்வொரு வாய்தாவும் ஏன் என்று உங்கள் வக்கீலிடம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இறக்கி வைப்பது: தீர்ப்பும் தீர்ப்பாணையும்

காரணங்களோடு நீதிபதி எழுதுவது தீர்ப்பு. அதன் முடிவை மட்டும் எடுத்து, யாருக்கு என்ன என்று முறைப்படி எழுதுவது தீர்ப்பாணை. பேச்சு வழக்கில் டிகிரி. பாகப்பிரிவினையில் இது இரண்டு கட்டம். ‘அக்காவுக்குப் பாதி’ என்று பங்கை அறிவிப்பது முதல்நிலைத் தீர்ப்பாணை. பிறகு வழக்கறிஞர் ஆணையர் சர்வேயரோடு நேரில் போய் அளந்து அறிக்கை தருவார். அதன்மேல், இந்தப் பக்கம் அக்காவுக்கு, அந்தப் பக்கம் தம்பிக்கு என்று பிரித்துத் தருவது இறுதித் தீர்ப்பாணை. பிரிக்கவே முடியாத வீடானால் 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டப்படி விற்றுப் பணத்தைப் பங்கிடலாம்.

முதல்நிலைத் தீர்ப்பாணையோடு வழக்கு முடிந்தது என்று எண்ணி, பல ஆண்டு சும்மா இருந்துவிடும் குடும்பங்கள் உண்டு. இந்த நிலை மாற, முதல்நிலைக்குப் பின் விசாரணை நீதிமன்றங்கள் தாமாகவே அடுத்த கட்டத்துக்குச் செல்ல வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

பந்தி: நிறைவேற்று மனு

அண்டா நிறையச் சோறு வெந்திருந்தும் இலையில் விழாவிட்டால் பசி ஆறுமா? தீர்ப்பாணைப்படி அக்காவின் பாகத்தைத் தம்பி ஒப்படைக்காவிட்டால் அக்கா நிறைவேற்று மனு போட வேண்டும். ஈ.பி. என்பது இதுதான். பொதுவாக இதற்கு 12 ஆண்டு அவகாசம். நீதிமன்ற அமீனா நேரில் வந்து சுவாதீனம் எடுத்துக்கொடுப்பார். பணத் தீர்ப்பாணையானால் சொத்தை ஜப்தி செய்து ஏலம் விடலாம். நிறைவேற்று மனுவை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியிருக்கிறது.

உப்புப் பார்ப்பவர்: மேல்முறையீடு

தீர்ப்பில் திருப்தி இல்லாதவர் மேல்முறையீடு செய்யலாம். மாவட்ட அளவில் 30 நாள், உயர்நீதிமன்றத்துக்கு 90 நாள். மேல் நீதிமன்றம் ஏற்கெனவே பதிவான சாட்சியத்தை வைத்தே உப்பு, புளி சரியா என்று பார்க்கும். புதுச் சாட்சியம் அபூர்வமாகவே ஏற்கப்படும். இரண்டாம் மேல்முறையீட்டில் முக்கியமான சட்டக் கேள்வி இருந்தாக வேண்டும். மேல்முறையீடு போட்டதாலேயே தீர்ப்பாணை நின்றுவிடாது. தனியாகத் தடையாணை வாங்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் அதே தரப்பினர் அதே பிரச்சினையை மீண்டும் வழக்காக்க முடியாது. அதுதான் முன்தீர்ப்புத் தடை.

எந்தக் கட்டத்திலும் இரு தரப்பும் சமரசம் ஆகலாம். மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொண்டால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும்; அந்த முடிவுக்கு மேல்முறையீடு இல்லை. காலமெல்லாம் முகம் பார்க்க வேண்டிய அக்கா தம்பிக்கு இதைவிட நல்ல வழி வேறில்லை.

கையெழுத்துக்கு முன்

பிராதின் அடியில், மேலே சொன்னவை என் அறிவுக்கெட்டியவரை உண்மை என்று உறுதிமொழி இருக்கும். அதில் கையெழுத்திடுவது வக்கீல் மட்டுமல்ல, நீங்களும். ஆகவே முழுவதையும் தமிழில் படித்துக்காட்டச் சொல்லுங்கள். வழக்குமூலம், தபசில், பரிகாரம் மூன்றையும் விரல் வைத்துக் கேளுங்கள். ஆவணங்களின் நகலும், அடுத்த வாய்தாத் தேதியும் உங்கள் கையில் இருக்கட்டும். வக்கீல் வைக்க வசதியில்லாவிட்டால், நீதிமன்ற வளாகத்திலேயே இயங்கும் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணை அழைக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தர 1987-ஆம் ஆண்டின் சட்டமே வழி செய்திருக்கிறது. நம் கதையின் அக்கா போன்றவர்கள் முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.