மாற்றியமைத்த ஜீப்பும் மரபுதான்

இரண்டாம் உலகப் போரின்போது, 1944 ஏப்ரலில், நேச நாடுகளின் தென்கிழக்காசியத் தலைமையகம் தளபதி மவுண்ட்பேட்டனின் கீழ் இலங்கையின் பேராதனைப் பூங்காவுக்கு வந்தது. அந்தப் போரின் வண்டி வில்லிஸ் ஜீப்: 2.2 லீற்றர் பெற்றோல் எஞ்சின், 60 குதிரைவலு. போர் முடிந்தும் மலைநாட்டுச் செங்குத்துப் பாதைகளுக்கு அது ஏற்றதாகவே இருந்தது. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதி இறுகியபோது, கிடைக்காத பாகங்களை உள்ளூர்க் கராஜ்களிலேயே கடைந்தும் ஒட்டியும் செய்தார்கள். 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டபின் பாவித்த ஜப்பானிய டீசல் எஞ்சின்கள் பழைய ஜீப்புகளுக்குள் ஏறின.

எஞ்சினை மாற்றினால் வண்டியின் அசல் தன்மை போய்விடும் என்பார்கள். தொழிற்சாலை வடிவத்தை ஆராய்பவருக்கு அது உண்மையான இழப்பே. மாற்றப்படாத ஜீப் சிலவற்றையாவது காப்பது அவசியம். ஆனால் 1932 ஃபோர்டு வண்டியை வீட்டுக் கொட்டகையில் மாற்றிக் கட்டிய அமெரிக்க ஹாட் ராட் இன்று மதிக்கப்படுகிறது. வேகத்துக்காகச் செய்த மாற்றம் மரபென்றால், பிழைப்புக்காகச் செய்ததும் மரபே. புதிய எஞ்சினுக்குத் தாங்கி அமைக்க வேண்டும்; கியர் பெட்டியைப் பொருத்த வேண்டும்; சுழல்தண்டின் நீளத்தைத் திருத்த வேண்டும். சட்டகத்திலுள்ள ஒவ்வோர் ஒட்டும் ஒரு தொழிலாளி எடுத்த முடிவின் சான்று. அதை அழித்து அசலாக்கினால், ஜீப்பின் பிறப்பு மட்டுமே மிஞ்சும். இந்நாட்டில் அது வாழ்ந்த வரலாறு மறையும்.